பத்து நாளைக்கு நிறுத்திய மாத்திரை

போன மாதம் எங்கள் தெருமுனையில் புதிதாக வந்திருக்கும் மருந்துக்கடைக்கு என் பிரஷர் மாத்திரையை வாங்கப் போனேன். கடையில் இருந்த பெண் படிப்பை முடித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "ஊருக்குப் போறேம்மா, ஒரு வாரம் மாத்திரை இல்லாட்டி பரவாயில்லையா?" என்று கேட்டார். அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பரவாயில்ல சார்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வயதான பிறகு வாய் சும்மா இருப்பதில்லை. "அது எந்த மாத்திரைன்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. நானும் முப்பத்து நாலு வருஷம் இதே மாதிரி ஒரு கவுண்டரில் நின்றவள் என்று தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அதுவும் பிரஷர் மாத்திரைதான். நிறுத்தினா என்ன ஆகும்? பழைய பிரஷர் திரும்பி வரும், அவ்வளவுதானே மேடம்?" என்றாள். இதே வாக்கியத்தை நான் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், கிட்டத்தட்ட இதே தோரணையில். "எழுதிக் குடுங்க, எங்க குரூப்ல போடறேன்" என்று கேட்டாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் முழுப் பெயர் ரஹ்மத்துன்னிசா. செஞ்சியைச் சுற்றியிருந்தவர்களுக்கு ரமத்தம்மா. அத்தா பஜாரில் தகர வேலை செய்தவர். ஓட்டை வாளிக்கு அடி வைப்பார், தானியம் கொட்டி வைக்கும் டின்னுக்கு மூடி செய்வார். நாலு பெண்களில் ஒருத்தியையாவது படிக்க வைத்தே தீருவேன் என்று பிடிவாதமாக என்னைச் சென்னைக்கு அனுப்பி மருந்தாளுநர் டிப்ளமோ படிக்க வைத்தார். அந்த இரண்டு வருஷத்தில் மிக்சர் கலக்கக் கற்றேன், மில்லிகிராம் நிறுக்கக் கற்றேன், ஹாஸ்டல் சாம்பாரை மன்னிக்கக் கற்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் பன்னிரண்டு கட்டில் கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. ஆஸ்பத்திரியை நடத்தியவர் டாக்டர் சுலோசனா. சென்னையில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், கணவர் இறந்த பிறகு அவருடைய சொந்த ஊரான செஞ்சிக்கு வந்து தங்கிவிட்டார். நர்ஸ் இரண்டு பேர்தான் என்பதால் ரத்த அழுத்தம் பார்க்கும் வேலையையும் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

அது சாதாரணமாகக் கற்றுக்கொடுத்தது இல்லை. நோயாளி வந்ததும் பட்டையைக் கையில் சுற்றிவிட முடியாது. முதுகு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலும் தரையில் படிந்து, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களை ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வது அவலூர்பேட்டை சந்தையை அரை நாள் மூடச் சொல்வது மாதிரி. பிறகு மணிக்கட்டில் விரல் வைத்தபடி பாதரசத்தை ஏற்றி, நாடி எங்கே மறைகிறது என்று பார்த்து இறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஸ்டெதஸ்கோப். இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நான் சில சமயம் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி எழுதிவிடுவேன். ஒரு நாள் டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் ரஹ்மத், உன்கிட்ட வர்றவங்க நாடியெல்லாம் இரட்டைப்படையிலேயே அடிக்குதா?" என்றார். அன்றோடு பெருக்கல் கணக்கை விட்டேன்.

அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்பு செய்தால் மருந்துச் சீட்டு ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி, அதன் மேல் பேனாவை வைத்து, மேஜை மேல் மெதுவாகத் தள்ளுவார். செய்ததை ஒரே வாக்கியத்தில் எழுதித் தர வேண்டும். 'ஏனென்றால்' கூடாது, 'ஆனால்' கூடாது. வாங்கிப் படித்து, இழுப்பறையில் போட்டுக்கொள்வார். திட்டியிருந்தால் தேவலை என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றும். அந்த ஒரு வாக்கியத்தை எழுத சில நாள் அரைமணி நேரம் ஆகும்.

கோவிந்தசாமி வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். மணிலாக் கடலையும் நெல்லும் போடுகிறவர். ஐம்பது வயது இருக்கும். பிரஷர் நூற்றெழுபதுக்கு மேல், நடந்தால் மார்வலி என்று வந்தவருக்கு டாக்டர் புரொப்ரனலால் மாத்திரையை ஆரம்பித்தார். எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அதுதான் பெரிய மருந்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை. எட்டு மாதத்தில் பிரஷர் நூற்று நாற்பதுக்கு வந்தது, மார்வலி நின்றது. சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்து, ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் உட்கார்ந்து, ஒரு வார மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார். பேசாமல் உட்கார்வதில் அவரைப் போல ஒரு நோயாளி எனக்கு வாய்க்கவில்லை.

அந்தச் சித்திரையில் அவர் வந்த சனிக்கிழமை டாக்டர் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். கோவிந்தசாமி கவுண்டருக்கு வந்து நின்றார்.

"ரமத்தம்மா, ஒண்ணு கேக்கணும். இந்த மாத்திரயில கவுச்சி ஏதாவது கலக்குறாங்களா?"

அவர் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி. கரகத்தைத் தலையில் ஏந்தி முதலில் நெருப்பில் இறங்குவது அவர் குடும்பத்து முறை. அவர் அப்பாவுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாக அவர்தான் எடுக்கிறார். காப்புக் கட்டினால் பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவுச்சி வாயில் படக் கூடாது. மாத்திரையை எலும்பிலிருந்து செய்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

வேறு யாராவது கவுண்டரில் இருந்திருந்தால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போய்யா" என்று அனுப்பியிருப்பார்கள். எனக்கு அது முடியவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நானும் என் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கேப்சூல் கூடு ஜெலட்டின். அது மாட்டெலும்பா, பன்றித் தோலா என்று எங்கள் வீட்டில் கேட்பார்கள். சில மாத்திரைகளில்கூடத் தூள் இறுகுவதற்காக ஜெலட்டின் சேர்ப்பது உண்டு. இந்தக் கம்பெனி எதைச் சேர்க்கிறது என்று எனக்குத் தெரியாது.

"இல்லன்னு சத்தியம் பண்ண முடியாதுண்ணே" என்றேன்.

"அப்போ பத்து நாளைக்கு நிறுத்திக்கினா?"

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே யோசித்தேன். மருந்து ஒன்றிரண்டு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். பிரஷர் பழையபடி நூற்றெழுபதுக்குப் போகும். அந்த நூற்றெழுபதோடு மனிதர் பல வருஷம் ஏர் ஓட்டியிருக்கிறார். இன்னும் பத்து நாள் ஓட்டட்டும். ரம்ஜான் மாதத்தில் எங்கள் ஆட்களுக்கு மாத்திரை வேளையை விடியலுக்கு முந்தைய சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றிக் கொடுப்பவளே நான்தான். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நம் நோன்புக்கு வழி செய்துவிட்டு அவர் விரதத்துக்கு முகத்தைச் சுளிப்பதா என்றும் தோன்றியது. உள்ளுக்குள் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பரவாயில்லண்ணே. பத்து நாள்தானே? தீமிதி முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சுடுங்க" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

காப்புக் கட்டி நாலாவது நாள் காலை பதினோரு மணிக்கு அவர் தம்பி ஏழுமலை ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, அண்ணனுக்கு மாரு அடைக்குதாம். நெஞ்சு படபடன்னு அடிக்குது, சட்டைக்கு மேலயே தெரியுது. வேர்த்து ஊத்துது. கூட்டியாரலாம்னா எல்லையைத் தாண்ட மாட்டேன்றாரு!"

"மாத்திரை போடறாரா?" என்றார் டாக்டர்.

"நாலு நாளா இல்லம்மா. இந்தம்மாதான் நிறுத்திக்கலாம்னு சொன்னாங்களாம்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேஜை மேல் சீட்டைத் தள்ள அன்று நேரம் இல்லை. "புரொப்ரனலால் ஊசி எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மூன்று குப்பி இருந்தது. கூடவே அட்ரோபின், பாதரசக் கருவி, சிரிஞ்சுகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவருடைய பழைய காரில் ஏறினோம். ஏழுமலை முன்னால் உட்கார்ந்து வழி சொன்னார்.

வழியில் என் கணக்கை டாக்டரிடம் சொன்னேன். மருந்து போனால் பழைய நூற்றெழுபதுதானே வர வேண்டும் என்று கேட்டேன்.

"கணக்கு சரிதான். ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார். காரை ஓட்டிக்கொண்டே, வகுப்பில் பேசுவது போல நிதானமாகச் சொன்னார். இதய செல்லின் வெளிச்சவ்வில் சேதி வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அட்ரினலின் என்ற ஹார்மோன் செல்லுக்குள் போவதில்லை. வெளியே அந்த ஏற்பியில் வந்து உட்காருகிறது. உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறி, உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரு புரதத்தை எழுப்புகிறது. அந்தப் புரதம் ஒரு நொதியைத் தூண்ட, நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளை உண்டாக்குகிறது. அதுதான் உள்ளே சேதி கொண்டு போகிற ஆள். இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. சிறுநீரகத்திலும் இதே வகை ஏற்பி உண்டு, அங்கே ரெனின் என்ற பொருள் சுரந்து ரத்தக் குழாய்கள் இறுக வழி செய்கிறது. புரொப்ரனலால் என்ன செய்கிறதென்றால், அட்ரினலின் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு சேதி எதையும் அனுப்பாமல் இருக்கிறது.

"இதெல்லாம் படிச்சிருக்கேன் டாக்டர்" என்றேன்.

"ஏற்பியோட எண்ணிக்கை மாறும்னு படிச்சியா? அட்ரினலின் ஓயாம வந்து தட்டிக்கிட்டே இருந்தா, செல்லு தன் ஏற்பிகளை உள்ள இழுத்துக் குறைச்சுக்கும். மாசக்கணக்கா சேதியே வரலைன்னா, இன்னும் கொஞ்சம் ஏற்பிகளைச் செஞ்சு வெளியே வைக்கும். ரேடியோவுல ஸ்டேஷன் மங்கலா கேட்டா குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டுவே இல்ல? கூட்டி வெச்சிருக்கும்போது திடீர்னு ஸ்டேஷன் தெளிவா வந்தா?"

"அலறும்."

"எட்டு மாசமா அவர் இதயம் குமிழைத் திருப்பிக்கிட்டே இருந்திருக்கு. நீ ஒரே நாள்ல மருந்தை எடுத்துட்டே. அட்ரினலின் அதே அளவுதான். கேக்கிற காதுங்கதான் அதிகம்."

இது வெளியே தெரிந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன, உன் புத்தகத்தில் வந்திருக்காது என்றும் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அந்த மனிதர் செத்துப் போனால் புத்தகத்தின் மேல் பழி போட முடியுமா?

கோயிலை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில் கோவிந்தசாமியைக் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, முகம் வேர்வையில் பளபளத்தது. மனைவி அஞ்சலை தலைமாட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் நாடி எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று முப்பத்து மூன்று. பாதரசம் இருநூற்று நாற்பதைத் தொட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார் டாக்டர்.

"தாண்ட மாட்டேம்மா. காப்பு இருக்குது."

"அப்ப மாத்திரை."

"கவுச்சிம்மா. இவங்களே சொன்னாங்க."

அவர் என்னைக் கை காட்டினார். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் என் சார்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேச வேண்டும் என்று புரிந்தது.

"அண்ணே, நிறுத்தலாம்னு நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு. அதனாலதான் உங்களுக்கு இப்படி ஆயிருக்குது" என்றேன். "இது ஊசி. இதுல கவுச்சி இல்ல. மருந்து, தண்ணி, எலுமிச்சையில இருக்கிற புளிப்புச் சத்து கொஞ்சம். வேற ஒண்ணும் கிடையாது. இத நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும்."

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி என்னைப் பார்த்தார். "எலுமிச்சம்பழம் அம்மனுக்கே சாத்தறதுதானே. போடுங்கம்மா" என்றார்.

புரொப்ரனலாலை நரம்பில் போடுவது விளையாட்டுக் காரியம் இல்லை. வேகமாகப் போனால் இதயம் அடிப்பதையே நிறுத்திவிடலாம். நாடி ரொம்ப இறங்கிவிட்டால் தூக்கிவிட, டாக்டர் அட்ரோபினை இன்னொரு சிரிஞ்சில் ஏற்றித் தயாராக என் மடியில் வைத்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கோவிந்தசாமியின் மார்பில் வைத்துக்கொண்டு ஒரு மில்லிகிராமை முழுதாக ஒரு நிமிடம் எடுத்துச் செலுத்தினார். நான் நாடியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நூற்று முப்பது. நூற்று இருபத்தேழு. சில நிமிடம் பொறுத்து இரண்டாவது குப்பி. நூற்றுப் பத்து. நூற்று மூன்று. "வலி கொறயுது" என்றார் கோவிந்தசாமி. அஞ்சலை அப்போதுதான் விசிறுவதை நிறுத்தினார்.

ஊசி சில மணி நேரம்தான் தாங்கும். காப்பு அவிழ இன்னும் ஆறு நாள் இருந்தது. வாய் வழியாக மருந்து போயே ஆக வேண்டும். கார் திரும்பும்போது டாக்டர், "கவுச்சியில்லாம குடுக்க வழி இருக்கா? நீதானே மருந்துக்காரி" என்றார்.

வழி இருந்தது. முதல் நாளே கவுண்டரில் நின்று ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் கிடைத்திருக்கும். புரொப்ரனலால் தண்ணீரில் கரையும். ஜெலட்டின் வெந்நீரில் கரையும், குளிர்ந்த நீரில் ஊறி உப்புமே தவிரக் கரையாது. சித்திரை வெயிலில் எங்கள் ஊர்த் தண்ணீர் பானையிலேயே வெதுவெதுப்பாக இருக்கும். கலர் சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வரச் செய்து, சுற்றிலும் வைத்துத் தண்ணீரைக் குளிர வைத்தேன். மாத்திரைகளைக் கல்வத்தில் நுணுக்கி, அதில் கலக்கி, வடிதாளில் வடித்தேன். சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறங்கியது. தெளிந்த நீரை மிக்சர் பாட்டிலில் ஊற்றி, பக்கவாட்டில் ஒரு வேளை அளவு தெரிய வெட்டு வைத்த காகிதப் பட்டை ஒட்டினேன். வடிதாளையும் அதில் தங்கிய வெள்ளைச் சகதியையும் ஒரு டப்பாவில் போட்டு, எங்களோடு காரில் திரும்பியிருந்த ஏழுமலையிடம் பாட்டிலோடு கொடுத்தனுப்பினேன், பூசாரி பார்க்கட்டும் என்று. "ஏதாவது இருந்தா இந்தத் தாளோட நின்னுபோச்சு, மீதி தண்ணியும் மருந்தும்தான்னு சொல்லுங்க" என்றேன். வேப்பங்காயை விடக் கசந்திருக்கும். கோவிந்தசாமி ஒரு வேளை தவறவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் சீட்டைத் திருப்பி மேஜை மேல் தள்ளினார். நான் எழுதினேன்: 'டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்.' படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். "இன்னும் சின்னதா எழுது." கடைசியில், 'பரவாயில்லை என்றேன்' என்று எழுதினேன். அதை எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

ஆறு நாளில் பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் கரகம் எடுப்பதைப் பற்றி டாக்டர் பிடி கொடுக்கவில்லை. அதிகமாக முளைத்த ஏற்பிகள் மருந்து கொடுத்த மறுநாளே மறைந்துவிடாது, செல் அவற்றைக் குறைத்துக்கொள்ள நாள் எடுக்கும் என்றார். கூட்டம், பம்பைச் சத்தம், தலையில் கரகம், எதிரே நெருப்பு. அவ்வளவு அட்ரினலின் ஒரே நேரத்தில் வந்தால் மருந்தைத் தள்ளிக்கொண்டு ஏற்பிகளில் போய் உட்கார்ந்துவிடும். "கரகம் தூக்கறதுக்கு முன்னால நாடி எண்பதுக்குள்ள இருந்தா எடுக்கட்டும். தாண்டினா கூடாது" என்றார். கோவிந்தசாமி அதற்கு ஒத்துக்கொண்டார். இந்த முறை கை மாறினால் கரகம் பங்காளி வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது என்று ஏழுமலை என்னிடம் தனியாகச் சொன்னார். "அண்ணன் உசிரு போனாலும் பரவால்லன்னுதான் இருக்குறாரு. நீதாம்மா பாத்து சொல்லணும்."

தீமிதி அன்று மூன்று மணிக்குப் போனோம். டாக்டர் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்துவிட்டார். "சரின்னு சொன்னவ நீ. இதையும் நீயே போய்ச் சொல்லு" என்றார்.

கோயில் வாசலில் கரகம் பூ சுற்றித் தயாராக இருந்தது. கோவிந்தசாமி ஈர மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பம்பைக்காரர்களை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். அத்தனை பெரிய கூட்டம் ஒரு நாடிக்காக அமைதியாக நின்றது. அவர் என்றைக்கும் போலச் சத்தமில்லாமல் இருந்தார். பிரஷர் நூற்றைம்பது. மணிக்கட்டில் விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். அரை நிமிடத்தில் முப்பத்தேழு.

இரண்டால் பெருக்கினால் எழுபத்து நாலு. கையை எடுத்துவிட்டுச் சிரித்திருக்கலாம். அல்லாஹ்வே, கையை எடுத்துவிடு என்று மனசு கெஞ்சியது. எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது என்று நினைத்த ஒரு பம்பைக்காரர் ஒரு தட்டு தட்டினார். கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். என் விரலுக்கு அடியில் அவர் நாடி எகிறியது. உடம்பு அசையவில்லை, முகம் மாறவில்லை, நாடி மட்டும் பறந்தது. டாக்டர் காரில் சொன்ன அத்தனையும் அந்த அரை நிமிடத்தில் என் விரலில் இருந்தது. மொத்தம் தொண்ணூற்று மூன்று.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுண்ணே" என்றேன்.

"எவ்ளோ?"

"தொண்ணூத்தி மூணு."

பிறகு எழுந்து, கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றிப் பூசாரியிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார். ஏழுமலை எவ்வளவோ மன்றாடியும், முறைப்படி அடுத்தது பங்காளி வீடுதான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் வயசுக்காரரான பங்காளி ஒருவர் கரகத்தை எடுத்தார். அஞ்சலை வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அங்கே அழ எனக்கு உரிமை இல்லை என்பதால் காருக்குப் போய் அழுதேன். டாக்டர் வண்டியை எடுத்தார். அந்தக் கரகம் பிறகு எந்த வருஷமும் அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வழக்கமான பஸ்ஸில் வந்தார். பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். பிரஷர் பார்த்தேன், நாடி முழு நிமிடம் எண்ணினேன், அறுபத்தெட்டு. பிறகு கவுண்டருக்கு வந்து நின்றார்.

"ஏம்மா ரமத்தம்மா. அன்னிக்கு அத்தினி பேரு எதிர்ல முடியாதுன்னு சொன்ன இல்ல?"

"ஆமாண்ணே."

"அத்த மொத நாளே இங்க நின்னு சொல்லியிருந்தீன்னா, அந்தக் கசப்புத் தண்ணிய மொதல்லேர்ந்தே குடிச்சிக்கினு, கரகத்த நான் எடுத்திருப்பேன் இல்ல?"

அவர் குரலில் கோபமே இல்லை. விதை நெல்லைப் பற்றி விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

"எடுத்திருப்பீங்கண்ணே" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, மாத்திரய குடு. பஸ்ஸு போயிடும்."